30 மில்லி கப்

மருந்து ஊற்றிக் கொடுக்கிற சின்ன பிளாஸ்டிக் கப் இருக்கிறதே, பக்கவாட்டில் கோடு போட்டு 30 மில்லி வரை குறித்திருக்கும், எங்கள் வார்டில் பாதி வேலை அதை வைத்துத்தான் நடக்கிறது. எடை குறைப்பு ஆபரேஷன் முடிந்து வருகிறவரின் கையில் அதில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "ஒரே மடக்கா குடிச்சிடாதீங்க, பதினைந்து நிமிஷத்துக்கு இது போதும்" என்பேன். முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் கப்பைப் பார்ப்பார்கள், நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தவர்கள்கூட உண்டு. இரண்டாவது கப்பில் அந்தச் சிரிப்பு போய்விடும். நாக்கு நனையும் அளவுக்கு ஒரு மிடறு, இறங்குகிறதா என்று காத்திருப்பது, மறுபடி ஒரு மிடறு. அவசரப்பட்டு விழுங்கியவருக்கு நெஞ்சுக்கு நடுவில் கல்லை வைத்த மாதிரி இறுக்கும். யார் சொல்லியும் கேட்காதவர்களுக்கு அந்த இறுக்கம் ஒரே தடவையில் பாடம் நடத்திவிடும்.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. கால் மணிக்கு 30 மில்லி என்றால் ஒரு மணிக்கு 120. விழித்திருக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டர். சலைன் நின்றபிறகு உடம்புக்கு வேண்டிய தண்ணீர் இப்படித்தான் போய்ச் சேர வேண்டும், வேறு குறுக்குவழி கிடையாது. இந்த ஆபரேஷனில் ஸ்லீவ், பைபாஸ் என்று இரண்டு வகை பார்க்கிறோம். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல ஒரு குழாயாக ஸ்டேபிள் போட்டு வைத்திருப்பார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு இரைப்பையின் மேல்நுனியில் ஒரு குட்டிப் பை, அதில் சிறுகுடலைக் கொண்டுவந்து இணைத்திருப்பார்கள். அந்தப் பையின் கொள்ளளவே ஏறக்குறைய இந்தக் கப் அளவுதான். இதையே கப்பைத் தூக்கிக் காட்டிச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். படம் வரைந்து விளக்கும்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

இந்த வார்டுக்கு மாற்றல் வந்தபோது எனக்குப் பெரிய மரியாதை ஒன்றும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அவசர ஆபரேஷன் நோயாளிகளையே பார்த்துப் பழகியவளுக்கு, தானாக நடந்து வந்து பெட்டியோடு அட்மிட் ஆகிறவர்களைப் பார்த்தால் ஒரு இளக்காரம். வாயைக் கட்ட முடியாமல் வயிற்றைக் கட்ட வந்திருக்கிறார்கள் என்று டீ குடிக்கும்போது சொல்லியிருக்கிறேன், உடனிருந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள். அதைச் சொன்ன அதே வாரத்தில்தான் ஒரு பெண்மணிக்கு பி.பி. பார்த்தேன். வழக்கமான பட்டையைக் கையில் சுற்றினேன், ஒட்டவில்லை, இழுத்துப் பிடித்து ஒட்டினேன், காற்று ஏறியதும் படபடவென்று பிய்த்துக்கொண்டது. இன்னொரு தடவை. மறுபடியும் அதே சத்தம். அறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தம்மா என்னைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க சிஸ்டர், என் கைதான் இப்படி" என்றார்.

தப்பு என்னுடையது. பெரிய பட்டை ஸ்டோரில் இருந்தது, எடுத்து வரச் சோம்பல். சின்னப் பட்டையைப் பெரிய கையில் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும் என்று முதல் வருஷத்திலேயே படித்ததுதான். என் சோம்பலுக்கு அவர் மன்னிப்புக் கேட்டார். அதற்கப்புறம் கவனித்தேன், இவர்கள் எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிறார்கள். புரட்டிப் படுக்க வைக்கும்போது, கவுன் முதுகில் சேராமல் நிற்கும்போது, சக்கர நாற்காலியின் கைப்பிடி இடுப்பில் இடிக்கும்போது. எத்தனையோ வருஷமாக எல்லா இடத்திலும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பவராகவே பார்க்கப்பட்டவர்கள். அதனால் பெல்லை அழுத்த மாட்டார்கள். வலிக்கிறதா என்றால் "பரவாயில்லை சிஸ்டர்", குமட்டுகிறதா என்றால் "சமாளிச்சிக்கிறேன்".

இந்தப் "பரவாயில்லை" என்ற வார்த்தைக்கு நான் பயப்படக் கற்றுக்கொண்டது ஒரு நைட் டூட்டியில்.

ஸ்லீவ் முடிந்து இரண்டாவது ராத்திரி. நாற்பது வயதுக்காரர், வார்டிலேயே நல்ல பிள்ளை என்று நாங்களே பட்டம் கொடுத்திருந்தோம். சொன்ன நேரத்துக்கு நடப்பார், கப்பைக் கணக்காகக் குடிப்பார், ஒரு தொந்தரவு கிடையாது. டூட்டி ஏற்றபோது பல்ஸ் 108, ஆபரேஷனுக்கு அப்புறம் இருக்கிறதுதான் என்று எழுதிவிட்டு, குறிப்பில் "நோயாளி நலமாக உள்ளார்" என்று என் கையாலேயே எழுதினேன். பன்னிரண்டு மணிக்கு 116. காய்ச்சல் இல்லை, வயிறும் கல்லு மாதிரி இல்லை. எப்படி இருக்கீங்க என்றேன், "நல்லா இருக்கேன் சிஸ்டர், தூக்கம்தான் வரல." இரண்டு மணிக்குப் பார்த்தால் 124, படுக்கையில் உட்கார்ந்திருக்கிறார், விரல்கள் போர்வை ஓரத்தைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தன. அந்த விரல்கள்தான் என்னை நிறுத்தின. கட்டில் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நலமா என்று கேட்காமல், "சாயந்திரத்துக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொல்லத் தெரியல சிஸ்டர், ஏதோ சரியில்லை. சும்மா உங்களைக் கூப்பிட வேண்டாமேன்னு இருந்தேன்" என்றார்.

டாக்டரை எழுப்பினேன். வலியிலோ பயத்திலோ பல்ஸ் ஏறியிருக்கும், கொஞ்சம் சலைனைக் கூட்டிப் பார்க்கலாம் என்று முதலில் பதில் வந்தது. சலைன் கூட்டியும் 120-க்குக் கீழே இறங்கவில்லை. இரண்டாவது தடவை போன் செய்து, நீங்கள் வந்து பார்க்கும்வரை நான் கட்டிலை விட்டு நகரப்போவதில்லை என்று கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் சொன்னேன். வந்தார், சி.டி. எடுத்தார்கள், ஸ்டேபிள் வரிசையின் மேல்முனையில் கசிவு. விடிவதற்குள் மறுபடி ஆபரேஷன் தியேட்டர், உள்ளே கழுவி, கசிவது வெளியே வடிய ஒரு குழாய் வைத்துக் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் மூன்று நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர் ஒரு மாதத்துக்கு மேல் எங்களோடு இருந்தார். கசிவு எல்லாருக்கும் வருவதில்லை, மிகச் சிலருக்குத்தான். ஆனால் வருகிறபோது காய்ச்சலுக்கும் வலிக்கும் முன்னால் பல்ஸ்தான் வந்து கதவைத் தட்டும். அந்தச் சார்ட்டை அப்புறம் பலமுறை எடுத்துப் பார்த்தேன். "நலமாக உள்ளார்" என்ற என் கையெழுத்துக்கு நேர் கீழே 116. அந்த வாக்கியத்தை இப்போது நான் எழுதுவதில்லை, அவர் சொன்னதை அப்படியே மேற்கோளில் போடுகிறேன், பக்கத்தில் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

பெரும்பாலானவர்களுக்கு முதல் நாள் பிரச்சினை வயிற்றில் இல்லை, தோளில். வயிற்றில் நாலைந்து சின்ன ஓட்டைகள், அதில் வலி எதிர்பார்த்ததுதான், தோள் ஏன் இப்படிப் பிடுங்குகிறது என்று பயந்துபோவார்கள். லேப்ராஸ்கோப்பி, அதாவது அந்த ஓட்டைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன், செய்யும்போது வயிற்றை உப்ப வைக்கக் கார்பன் டை ஆக்சைடை ஏற்றுகிறார்கள், அதில் மிச்சம் இருப்பது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானத்தைச் சீண்டுகிறது, உதரவிதானத்துக்குப் போகிற நரம்பும் தோளுக்குப் போகிற நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளைக்கு விலாசம் குழம்பிவிடுகிறது. எழுந்து நடந்தால் பலருக்குக் குறையும். நாளுக்கு நாள் குறைகிற தோள்வலி வாயு, குறையாமல் ஏறிக்கொண்டே போனால் டாக்டரைக் கூப்பிட வேண்டிய வலி, இதை நான் அவர்களிடமே சொல்லிவைத்துவிடுகிறேன்.

நடப்பதுதான் பெரிய போராட்டம். மயக்கம் தெளிந்த சில மணி நேரத்திலேயே எழுப்பிவிடுவோம், திட்டு வாங்குவோம். எடை அதிகமுள்ளவர்களுக்கு காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து கூடுதல், அதற்காகத்தான் வயிற்றில் போடும் அந்த ஊசி, காலை இறுக்கும் நீளச் சாக்ஸ், அப்புறம் இந்த நடை. சாக்ஸ் போட்டுவிடும்போது ஒருவர் சொன்னார், "என் கால் கட்டைவிரலைப் பார்த்து ஆறு வருஷம் ஆச்சு சிஸ்டர், நகம் எல்லாம் எப்படி இருக்கு?" நான் மண்டியிட்டபடி விரல் விரலாக நிலவரம் சொன்னேன். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சர்க்கரை நோயோடு வருகிறவர்களிடம் வேறொரு கவனம் வேண்டும். எடை ஒரு கிலோகூடக் குறையும் முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிடும், பைபாஸில் இன்னும் வேகமாக. குடலில் சுரக்கும் ஹார்மோன்கள் மாறுவது ஒரு காரணம், உள்ளே போகும் சாப்பாடே அவ்வளவுதான் என்பது இன்னொன்று. வீட்டில் போட்டுக்கொண்டிருந்த இன்சுலின் அளவை அப்படியே தொடர்ந்தால் தாழ்சர்க்கரையில் வியர்த்து விழுந்துவிடுவார்கள். பி.பி. மாத்திரையும் இதே கதைதான். பழைய சீட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, "பத்து வருஷமா போடறேன், விடச் சொல்றீங்களே" என்று சண்டை பிடித்தவர்கள் உண்டு.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு நான் பேசுவதில் பாதி காதில் விழாது என்று தெரியும், வீட்டுக்குப் போகிற சந்தோஷம். முதல் இரண்டு வாரம் திரவம், அப்புறம் கூழாக, அப்புறம் மெதுவானது, தினம் 60 கிராமாவது புரதம், சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, வைட்டமின் ஆயுசுக்கும். இதெல்லாம் தாளிலேயே இருக்கிறது. நான் உட்கார்ந்து சொல்வது இரண்டைத்தான். தலைவலி, மூட்டுவலி என்று ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரையைக் கேட்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள், புதுப் பையில் புண் வந்துவிடும். விடாமல் வாந்தி எடுத்தால், தண்ணீரே தங்கவில்லை என்றால், வழக்கமானதுதான் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். தயமின் என்கிற பி1 சத்தை உடம்பு சேர்த்து வைப்பது சில வாரத்துக்குத்தான், அது தீர்ந்தால் கண்ணும் நடையும் புத்தியும் தடுமாறும்.

தாளில் இல்லாத ஒன்று, சாப்பாட்டை நினைத்து வருகிற அழுகை. பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது, ஸ்லீவில் அதுவே போய்விடுகிறது, அதனால் பலருக்குப் பசியே எடுக்காது. ஆனாலும் பத்தாம் நாள் வாக்கில் போன் வரும். "எதுக்கு இதைச் செஞ்சேன்னு இருக்கு சிஸ்டர். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடறாங்க, நான் எழுந்து போய் ரூம்ல உட்கார்ந்துக்கறேன்." பசியா என்று கேட்டால் இல்லை என்பார்கள், அப்புறம் என்ன என்று அவர்களுக்கே தெரியாது. துக்கத்துக்கும், அலுப்புக்கும், கொண்டாட்டத்துக்கும் ஒரே துணையாக இருந்தது திடீரென்று வீட்டைவிட்டுப் போய்விட்டது, ஆள் இறந்த வீடு மாதிரி கொஞ்ச நாள் இருக்கத்தான் செய்யும். முன்பெல்லாம் "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி போனை வைத்துவிடுவேன். இப்போது பேசவிடுகிறேன். சிலருக்கு அது போதாது, மனநல ஆலோசகரிடம் அனுப்புகிறோம், போகத் தயங்குகிறவர்களைப் பிடிவாதமாகவே அனுப்புகிறேன்.

அந்தச் சாக்ஸ்காரரும் போன் செய்தார், பத்தொன்பதாம் நாள், குரலில் கோபம். நாலு நாளாக எடை நின்றுவிட்டது, ஆபரேஷனே வீண் என்றார். மூன்றாவது வாரத்தில் எடை அப்படியே நிற்பது ரொம்ப சகஜம், முதலில் வேகமாகப் போனதில் நிறைய தண்ணீர், உடம்பு இப்போது அதைக் கொஞ்சம் பிடித்து வைக்கிறது, ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி இறங்கும் என்று நானும் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. தினம் எத்தனை தடவை ஏறிப் பார்க்கிறீங்க என்றேன். நாலு தடவை.

"அந்த மெஷினை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிடுங்க சார், வாரம் ஒரு தடவை பார்த்தா போதும்."

"அங்கதான் சிஸ்டர் இருக்கு. என் வீட்டுக்காரம்மா தள்ளி விட்டுட்டா. நான்தான் குனிஞ்சு இழுத்து எடுக்கறேன்."

"என்ன செய்யறீங்க?"

"குனிஞ்சு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி சிஸ்டர், அந்தக் கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டார். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடச் சொன்னேன்.