ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாஷிங் மெஷின் போடாதீர்கள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஜப்பானில் பக்கத்து வீட்டுக்காரர் மேல் கோபம் வந்தால் யாரும் கதவைத் தட்டிச் சண்டைக்கு வருவதில்லை. காகிதம்தான் வரும். எழுதியவர் பெயர் இருக்காது, குற்றவாளி பெயரும் இருக்காது, மரியாதை மட்டும் வரிக்கு வரி இருக்கும். போன் கேமராவை மேலே காட்டி மொழிபெயர்த்துப் படித்தேன். இரவு 9 மணிக்கு மேல் வாஷிங் மெஷின் ஓட்டுவதைத் தயவுசெய்து தவிர்க்கவும், சில நாட்களாக நான்காவது மாடியிலிருந்து பழுதான மெஷின் சுற்றுவது போல் ஒரு சத்தம் வருகிறது என்று போட்டிருந்தது.

நான்காவது மாடியில் மொத்தம் மூன்று வீடுகள். ஒன்று காலி. இன்னொன்றில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார், எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிடுவார். மிச்சம் இருப்பது நாங்கள். எங்கள் வீட்டிலோ, ஊரிலிருந்து அம்மா வந்த நாளாகக் காலை ஆறரைக்குள் துவைத்துக் காயப்போட்டாகிவிடுகிறது. ஆக, ராத்திரியில் சுற்றியது வாஷிங் மெஷின் இல்லை. அது என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அது டிஎக்ஸ்21. யமஹா 1985-ல் போட்ட இசைக் கீபோர்டு.

வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பழைய சாமான் கடைகளில் 'ஜங்க்' என்று ஒரு மூலை இருக்கும். அங்கே வாங்கும் பொருள் வேலை செய்தால் உங்கள் அதிர்ஷ்டம், செய்யாவிட்டால் உங்கள் தலையெழுத்து, திருப்பித் தர முடியாது. ஒரு சனிக்கிழமை ரைஸ் குக்கர் வாங்கப் போனவன், அந்த மூலையில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்குக் கறுப்பாகப் படுத்திருந்த இதைப் பார்த்தேன். 5,500 யென். ரைஸ் குக்கர் வாங்கவில்லை.

பெட்டி கிடையாது. கடைக்காரர் பபுள் ஷீட்டைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். அதை டோசாய் லைன் ரயிலில் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிஷி-கசாய் வரை வந்தேன். டோக்கியோவில் கூட்டத்துக்குப் பேர்போன ரயில் அது. ஆனால் என்னைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் காலியாக இருந்தது. வீட்டுக் கதவைத் திறந்ததும் அம்மா பார்த்தாள்.

"என்னடா இது, பாடை மாதிரி கட்டித் தூக்கிட்டு வர்ற?"

"கீபோர்டும்மா."

"குக்கர் எங்க?" இது என் மனைவி.

எதற்கு இந்த வேண்டாத வேலை என்றால், மெகா டிரைவ். 1988-ல் சேகா வெளியிட்ட வீடியோ கேம் மெஷின். சிங்கப்பூரிலிருந்து மாமா ஒன்று கொண்டுவந்தார். திருச்சியில் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அது இல்லை. மற்ற பிள்ளைகள் வீட்டில் இருந்த கேம் பெட்டிகள் 'பீப் பீப்' என்று குருவி மாதிரி கத்தும். இது அடித்தொண்டையில் உறுமும். தகர டப்பாவுக்குள் யாரோ பேஸ் கிதார் வாசிப்பது போல ஒரு சத்தம். விளையாடும் முறை என் அண்ணனுக்கு, பாட்டுக் கேட்கும் முறை எனக்கு என்றே பல நாள் ஓடியிருக்கிறது. அந்த உறுமலை என் கையால் உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. ஒரே ஒரு பேஸ் ஒலி, அவ்வளவுதான்.

அதைச் செய்தது ஒய்எம்2612 என்ற யமஹா சிப். அதே குடும்பத்துச் சிப்தான் டிஎக்ஸ்21-க்குள்ளும் இருக்கிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் நான்கு 'ஆபரேட்டர்' (ஆளுக்கு ஒரு ஒலி அலை உண்டாக்குகிறவை), அவற்றை இணைக்க எட்டு விதம், இரண்டிலும் ஒன்றேதான். எனவே இது அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

என்னதான் செய்கிறாய் என்று அம்மா முதல் நாளே கேட்டாள். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் வீணை கற்றவள். அதனால் விளக்குவது சுலபமாக இருந்தது. தந்தியை மீட்டிவிட்டுப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து விட்டால் சுரம் அசைகிறது, கமகம். அந்த அசைவை விநாடிக்கு ஐந்து ஆறு தடவை செய்தால் அசைவாகக் கேட்கும். விநாடிக்கு நூறு, இருநூறு தடவை அசைத்தால்? காதுக்கு அசைவே தெரியாது. அந்தச் சுரத்தின் குரலே மாறிவிடும். மணியாகும், எக்காளமாகும், தகரமாகும். 1967-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் என்ற இசைக்காரர், கம்ப்யூட்டரில் அசைவைக் கூட்டிக்கொண்டே போனபோது இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். ஒரு அலையை இன்னொரு அலையால் உலுக்குவது, அதுதான் எஃப்எம். மெகா டிரைவ் சிப்பும் டிஎக்ஸ்21-உம் செய்வது இதைத்தான். ஆர்கன் வாத்தியம் செய்யும் அமெரிக்கக் கம்பெனிகளிடம் ஸ்டான்ஃபோர்ட் இதைக் கொண்டுபோய்க் காட்டியது. அவர்களுக்குப் பிடிபடவில்லை. யமஹாவுக்குப் பிடிபட்டது. 1983-ல் அவர்களுடைய டிஎக்ஸ்7 கீபோர்டு வந்தது, எண்பதுகளின் பாட்டுகளில் பாதி அதன் மணிச் சத்தத்தில் நனைந்தன.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "விநாடிக்கு இருநூறு தடவை இழுத்தா தந்தி அறுந்துடும்டா."

சரி, வேலைக்கு வருகிறேன். பழைய கேம் இசைக்கு விஜிஎம் என்று ஒரு வகைக் கோப்பு உண்டு. அதில் இருப்பது ஒலிப்பதிவு இல்லை. விளையாட்டு ஓடும்போது சிப்புக்குப் போன கட்டளைகள் அத்தனையும் நேரத்தோடு குறித்துவைத்த நாட்குறிப்பு. அதைப் பிரித்தால் எந்த வாத்தியத்துக்கு எந்த எண் என்று அப்படியே கிடைத்துவிடும். எனக்கு வேண்டிய பேஸின் எண்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டேன். ஆபரேட்டர்களின் அளவுகள் 25, 45, 35, 0. டிஎக்ஸ்21-இன் சின்னத் திரையில் விளக்குக் கிடையாது. டேபிள் லாம்ப்பை அதன் மேல் சாய்த்துவைத்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். இணைப்பு விதம் என்ற இடத்தில் நோட்டில் 0 என்று இருந்தது. மெஷினில் 0 இல்லை, 1 முதல் 8 வரைதான். சிப் 0-விலிருந்து எண்ணுகிறது, மெஷின் 1-லிருந்து எண்ணுகிறது, அவ்வளவுதானே என்று 1 போட்டேன். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

கட்டையை அழுத்தினால் கொசு. காதை ஸ்பீக்கரில் ஒட்டினால்தான் கேட்கிறது. ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டினேன். கொசு கொஞ்சம் கிட்டே வந்தது. கடைசிவரை திருகினேன். அப்போதும் கொசுதான்.

ஒரு மணி நேரம் படித்த பிறகு விஷயம் புரிந்தது. சிப்பில் 0 என்றால் உச்சபட்சச் சத்தம், 127 என்றால் மௌனம். எண் கூடக்கூடச் சத்தம் குறையும். டிஎக்ஸ்21-இல் நேர்மாறு, 99தான் உச்சம், 0 மௌனம். ஒரே கம்பெனி, ஒரே குடும்பத்துச் சிப், ஒருவர் மேலே என்பதை மற்றவர் கீழே என்கிறார். நல்லவேளை, இரண்டிலும் ஒரு படி என்பது ஒரே அளவுதான், முக்கால் டெசிபல். அதனால் 99-லிருந்து கழித்தால் போதும் (மிகத் தாழ்ந்த அளவுகளில் மட்டும் கணக்கு உதைக்கும்). 74, 54, 64, 99. ஏற்றினேன். மணி பதினொன்றே கால்.

ஸ்பீக்கர் உச்சத்தில் இருந்ததை மறந்துவிட்டேன்.

அழுத்தியது ஒரே ஒரு கட்டை, கீழ்ஸ்தாயியில். மாவு மில்லில் அரிசியோடு ஒரு கைப்பிடி ஆணியும் விழுந்தால் என்ன ஆகும், அது. மேஜை மேல் இருந்த காபி டம்ளர் நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். பயத்தில் கை இன்னும் அழுத்தமாக அமுங்கியதே தவிர எழவில்லை. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அம்மா "பூகம்பம்!" என்று கத்திக்கொண்டு நேராகச் சாப்பாட்டு மேஜைக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டாள். ஜப்பானுக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான், அம்மா அதைக் கச்சிதமாகச் செய்தாள். என் மனைவி வந்து ஒன்றும் பேசாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பிளக்கைப் பிடுங்கும்போது அவள் ஒரு வார்த்தையாவது திட்டியிருக்கலாம்.

அடுத்த நாளிலிருந்து சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, 'ணுர்ர்ர், ணுர்ர்ர்' என்று ராத்திரி ராத்திரி சோதனை செய்தேன். குறைத்துவிட்டேன் என்பது என் நினைப்பு. கீழ்ஸ்தாயி சுவரைப் பொருட்படுத்தாது என்பது காகிதம் ஒட்டிய பிறகுதான் உறைத்தது. அன்றே ஹெட்போன் மாட்டினேன்.

ஹெட்போனில் கேட்டபோது இன்னொரு விஷயம் வெளியே வந்தது. சத்தம் சரி, குரல் சரியில்லை. கேட்க வேண்டியது உறுமல், கேட்பது ஆணி. காரணம் கேளுங்கள். மெகா டிரைவ் சிப்பில் முதல் ஆபரேட்டர் உச்சியில் நின்று மற்றவர்களை உலுக்குகிறது, நான்காவதுதான் வெளியே பாடுகிறது. டிஎக்ஸ்21-இல் நான்காவதுதான் உச்சியில் நின்று உலுக்குகிறது, முதலாவது பாடுகிறது. அதாவது நான் பாட்டுக்காரனை அடிக்கிறவன் இடத்தில் நிறுத்தி, அவனுக்கு முழு பலத்தையும் கொடுத்திருக்கிறேன். வரிசையைத் தலைகீழாக்கினேன். பாதி சரியானது. மீதி? நாட்குறிப்பில் ஆபரேட்டர்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வருவதில்லை. ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு என்று வரும். சிப்புக்குள் அடுக்கு அப்படி. ஏன் என்று கேட்கக்கூடாது. கல்யாண வீட்டில் சம்பந்திகளை உட்கார வைத்த வரிசை மாதிரி, அதற்கு ஒரு நியாயம் இருக்கும், நமக்குச் சொல்லமாட்டார்கள்.

நடுவில் இருந்த இரண்டையும் இடம் மாற்றினேன். அழுத்தினேன். வந்தது.

திருச்சி வீட்டுக் கூடம், மாமா கொண்டுவந்த கறுப்புப் பெட்டி, தகர டப்பா உறுமல். ஒரு சுரம்தான். அதையே ஒரு மணி நேரம் அழுத்திக்கொண்டிருந்தேன்.

அதைச் சேமித்து வைக்கவும் ஒரு கூத்து. டிஎக்ஸ்21 தன் ஒலிகளை ஆடியோ கேசட்டில் பதியும் காலத்தது. எண்களைச் 'சீய்ய்ங் கிர்ர்ர்' என்று கத்தலாக மாற்றி அனுப்பும், நாம் பதிவு செய்துகொள்ள வேண்டும். கேசட்டுக்குப் பதில் லேப்டாப்பில் பதிந்தேன். ஒரு பிரதி போனிலும் இருக்கட்டும் என்று வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பினேன். எனக்கு நானே என்று நினைத்தேன். அது போனது குடும்பக் குழுவுக்கு, நாற்பத்து மூன்று பேர். பார்த்து அழிப்பதற்குள் சித்தப்பா, "யாருக்குடா ஃபேக்ஸ் அனுப்புற?" என்று கேட்டுவிட்டார். பெரியம்மா கும்பிடும் கை போட்டிருந்தார். அவர் எது வந்தாலும் அதைத்தான் போடுவார். அத்தை மட்டும் தனியாக அம்மாவுக்குப் போன் செய்து, பையனுக்கு வேலையில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார்.

இந்த அழகில் எனக்கு ஒரு ஹீரோ இருக்கிறார். யூசோ கோஷிரோ. 1991-ல் வந்த 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ்' விளையாட்டுக்கு இசை போட்டவர். அதை அவர் பியானோ முன்னால் உட்கார்ந்து போடவில்லை. என்இசி கம்பெனியின் பிசி-8801 கம்ப்யூட்டரில், தானே மாற்றியமைத்த ஒரு மொழியில், எழுத்தும் எண்ணுமாகத் தட்டச்சு செய்து போட்டார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்துகொண்டு டிஸ்கோவுக்கு இசை அமைப்பது மாதிரி. கையில் இருந்தது ஆறு எஃப்எம் குரல், கூட வேறொரு சின்னச் சிப்பின் மூன்று 'பீப்' குரலும் ஒரு இரைச்சல் குரலும். டிரம் வேண்டுமென்றால் ஆறாவது ஆள் தன் பாட்டை நிறுத்திவிட்டு, பதிவு செய்த டிரம் சத்தத்தை எடுத்து அடிக்க வேண்டும். நம் ஊர்க் கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிற மச்சான் நடுவில் ஓடிப்போய் ஜெனரேட்டரையும் போடுவாரே, அப்படி. அந்தக் கைப்பிடி ஆட்களை வைத்துக்கொண்டு அந்த மனிதர் நைட் கிளப்பையே டிவிக்குள் கொண்டுவந்துவிட்டார். என் டிஎக்ஸ்21 ஒரு நேரத்தில் ஒரு ஒலி, மிஞ்சிப்போனால் இரண்டு. அதனால் முழுப் பாட்டும் வேண்டுமென்றால் ஒவ்வொரு பாகமாக வாசித்துக் கம்ப்யூட்டரில் அடுக்க வேண்டும். இதுவரை பேஸும் அரை மெட்டும் முடிந்திருக்கின்றன.

ஒரு குறை மட்டும் உண்டு. என்னுடையது ரொம்பச் சுத்தமாகக் கேட்கிறது. முதல் மாடல் மெகா டிரைவில் ஒலி மெதுவாகத் தேயும்போது அடியில் ஒரு கரகரப்பு இருக்கும், சிப்பின் குறை அது. பிற்பாடு வந்த சில மெஷின்களில் சரிசெய்தார்கள். சரிசெய்ததுதான் தப்பு என்று இன்றுவரை சண்டை போடுகிற கூட்டம் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான். அடிப்பிடித்த பால்கோவா மாதிரி அந்தக் கரகரப்பில்தான் ருசி. என் பேஸை நடுவில் கிழிசல் விழுந்த ஒரு பழைய ஸ்பீக்கர் வழியாக விட்டுப் பார்த்தேன், கிட்டே வந்தது. பகலில்தான் விட்டேன், சத்தியமாக.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அசாகுசா கோயிலுக்கு அழைத்துப் போனோம். திரும்ப ராத்திரியாகிவிட்டது. லிஃப்ட் பக்கத்தில் புதிய காகிதம். நான்காவது மாடியில் வாஷிங் மெஷின் சத்தம் நின்றுவிட்டது, ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி என்று இருந்தது. அதை நான் சத்தமாக மொழிபெயர்த்துப் படித்தேன், யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், மணி ஒன்பதே முக்கால், அம்மா இரண்டு நாள் துணியை மெஷினில் திணித்துக்கொண்டிருக்கிறாள். பொத்தானை அழுத்தப் போன கையை ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"அம்மா, ஒன்பது மணிக்கு மேல போடக்கூடாது. இப்பதான் நன்றின்னு ஒட்டியிருக்காங்க."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ மட்டும் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் துவைக்கலாமா?"