வெப்பமண்டலச் செடிகளும் குளிர்காலமும்: எதைத் தூங்க விடலாம், எதை விழித்திருக்க வைக்கலாம்

குளிர்நாடுகளில், பனி விழுவதற்கு முன்பே கறிவேப்பிலையைப் பத்திரமாக வீட்டுக்குள் கொண்டுவந்து, நல்ல கதகதப்பான இடம் பார்த்து வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றியும் இரண்டே மாதத்தில் அதைப் பறிகொடுப்பவர்கள் நிறைய. குளிருக்குத் தப்பிய செடி கவனிப்பில் போய்விடுகிறது. வெளிச்சம், சூடு, தண்ணீர் மூன்றும் சேர்ந்தே ஏற வேண்டும், சேர்ந்தே இறங்க வேண்டும். குளிர்காலத்தில் வெளிச்சம் தானாக இறங்கிவிடுகிறது. மற்ற இரண்டையும் நாம் இறக்காவிட்டால், உணவு தயாரிக்க வழியில்லாத செடியை வளரச்சொல்லி விரட்டுவதாகிவிடும். இறக்க மனமில்லை என்றால் விளக்குப் போட்டு வெளிச்சத்தை ஏற்ற வேண்டும். நடுவில் வேறு வழி கிடையாது.

அதனால் ஒவ்வொரு செடியையும் பார்த்து முதலில் கேட்க வேண்டியது, இது தூங்குமா, தூங்காதா, அதாவது குளிர்காலத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளுமா என்பதுதான். கல்வாழை, சேம்பு, மஞ்சள், இஞ்சி எல்லாம் கிழங்குக்குள் அடங்கிவிடும். ப்ளுமேரியா என்கிற ஈழத்தலரி இலையை உதிர்த்துவிட்டு வெறும் கிளையாகக் கிடக்கும். கறிவேப்பிலை, காகிதப்பூ, முருங்கை ஆகியவை குளிர்ச்சியான இடம் கொடுத்தால் தூங்கும், வெளிச்சமும் சூடும் கொடுத்தால் விழித்திருக்கும். செம்பருத்தி, வெற்றிலை போன்றவற்றுக்குத் தூக்கமே இல்லை. துளசியையும் கற்பூரவல்லியையும் முழுச்செடியாகக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம். துளசிக்கு விதை போதும், கற்பூரவல்லிக்கு விரல் நீளத்தில் நான்கைந்து கிளை ஒடித்து நட்டால் போதும். சன்னலோர இடம் எப்போதும் தட்டுப்பாடுதான்.

எப்போது உள்ளே எடுப்பது என்பதில்தான் பலருக்குத் தவறுகிறது. உறைநிலை பூஜ்யம் டிகிரி என்றாலும், இந்தச் செடிகளுக்குத் தொல்லை 10 டிகிரியிலேயே தொடங்கிவிடும். வெப்பமண்டலச் செடிகளின் செல் சவ்வு குளிரில் விறைத்து, உள்ளே இருப்பதைக் கசியவிடும். பனிக்கட்டி உருவாகாமலேயே இலை கருத்து, தொய்ந்து போவது இதனால்தான். சேதம் உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் வெளியே காட்டும். ஆகவே இரவு வெப்பநிலை 13 டிகிரியைத் தொட ஆரம்பித்ததும் வேலையைத் தொடங்கி, தொடர்ந்து 10க்குப் போவதற்குள் முடித்துவிடுவது நல்லது.

வானிலை அறிக்கை சொல்லும் எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. அது தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் அளக்கப்படுகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுவதால், தரையை ஒட்டிய காற்று அதைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். அறிக்கையில் 3 டிகிரி என்று இருக்கும்போதே புல்லில் உறைபனி பூத்திருப்பதைக் காலையில் பார்க்கலாம். தரையில் இருக்கும் தொட்டிக்கும் அதே கதி. தொட்டியின் வேர் மண்ணிலிருக்கும் வேரைவிடச் சீக்கிரம் அடிபடும் என்பதையும் மறக்க வேண்டாம். நிலத்துக்குக் கீழிருந்து சூடு வரும், தொட்டிக்கு எல்லாப் பக்கமும் குளிர்தான்.

உரத்தை இதற்கும் முன்னாலேயே நிறுத்தியிருக்க வேண்டும். உங்கள் ஊரில் முதல் உறைபனி வழக்கமாக எப்போது வருமோ, அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு. கடைசி நேரத்தில் போடும் தழைச்சத்து இளங்கொழுந்தைக் கிளப்பிவிடும். குளிரும் முதலில் அதைத்தான் தாக்கும், மாவுப்பூச்சியும் அசுவினியும் முதலில் அதைத்தான் தேடிவரும்.

பூச்சி விஷயத்தில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். வெளியே மழையும் காற்றும் பொறிவண்டும் கட்டுக்குள் வைத்திருந்த பூச்சிகள், உள்ளே வந்ததும் தடையில்லாமல் பெருகும். செடியை உள்ளே எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே சுத்தம் செய்யத் தொடங்குங்கள். முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவ வேண்டும். பிறகு தொட்டியை விளிம்புவரை தண்ணீரில் 15 நிமிடம் அமிழ்த்தி வைத்தால், எறும்பு, மரவட்டை எல்லாம் வெளியேறிவிடும். அதன்பின் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு மில்லி மென்மையான திரவ சோப் கலந்து, மாலை நேரத்தில் இலையின் அடியிலும் கணுக்களிலும் படும்படி தெளிக்கலாம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பது அவசியம். குளிரில் வேப்பெண்ணெய் கட்டியாகிவிடும், பச்சைத்தண்ணீரில் கலக்காமல் திட்டுத்திட்டாக மிதந்து, பட்ட இடத்தில் இலையைப் பொசுக்கும். முதலில் ஓரிரு இலையில் தெளித்து ஒருநாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். இந்தக் கலவைக்கு முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும் என்பதால் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிக்க வேண்டும். ஒருமுறை தெளித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் வீட்டில்தான் நடுக்குளிர்காலத்தில் சிலந்திப்பேன் வலை பின்னியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க, இலைக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டிப் பாருங்கள். தாளில் விழுந்த தூசி மெல்ல நகர்ந்தால் அது தூசி இல்லை.

சுத்தம் நடக்கும் அந்த இரண்டு வாரத்திலேயே செடியை வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்திவிட வேண்டும். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், உச்சி வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம். குளிர்காலச் சன்னலோரத்தில் சில ஆயிரம் கிடைத்தாலே பெரிது. வெயிலுக்கென்று தடித்து வளர்ந்த இலை அந்த வெளிச்சத்தில் தனக்கு ஆகும் செலவுக்குக்கூடச் சம்பாதிக்காது, செடி அதை உதிர்த்துவிடும். நிழலில் பழக்கிய செடியும் கொஞ்சம் உதிர்க்கத்தான் செய்யும், ஆனால் மொட்டையாகாது. உதிர்வதைப் பார்த்து உரமோ கூடுதல் தண்ணீரோ கொடுத்துவிடாதீர்கள். இலை குறைந்த செடி குடிப்பதும் குறைவுதான்.

இப்போது கறிவேப்பிலைக்கு வருவோம். இதற்கு இரண்டு பாதை உண்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதிலேயே போக வேண்டும். விழித்திருக்க வைப்பதானால் 18 டிகிரிக்கு மேல் சூடும், எல்இடி வளர்ப்பு விளக்கும் வேண்டும். விளக்கு செடியின் உச்சிக்கு 30 சென்டிமீட்டர் உயரத்தில், டைமர் போட்டு தினம் 12 முதல் 14 மணி நேரம் எரியட்டும். இலை வெளுத்துச் சுருங்கினால் விளக்கைக் கொஞ்சம் உயர்த்துங்கள், கணுவுக்குக் கணு நீண்டு ஒல்லியாக வளர்ந்தால் தாழ்த்துங்கள். தூங்க வைப்பதானால் 10 முதல் 13 டிகிரி இருக்கும் சூடில்லாத அறையோ, உறையாத கராஜோ போதும். இலை மஞ்சளாகி எல்லாம் கொட்டிவிடும். பயப்பட வேண்டாம். மண் முழுக்கத் தூள்தூளாக வறளாத அளவுக்கு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் போதும்.

மொட்டையாக நிற்கும் செடி உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சையும் ஈரமும் தெரிந்தால் செடி தூங்குகிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்றே மேலே வெட்டிவிட வேண்டும். அந்த வெட்டுக்கு உகந்த நேரம் குளிர்காலத்தின் கடைசி, துளிர் விடுவதற்கு முன். தூங்கப் போகும் நேரத்தில் கவாத்து செய்தால் அது புதுத்துளிர் விடப் பார்க்கும். செம்பருத்தி அப்படியில்லை. அது புதுக்கிளையில் பூப்பது, உள்ளே வரும்போதே மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம், இடமும் மிச்சம்.

சன்னலோரத்தில் வைக்கும் செடிகளுக்கு வரும் தொல்லைகளில் மோசமானது குளிர்ந்த வேர். எலுமிச்சையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே அதன் வேர் தண்ணீர் உறிஞ்சுவது மிகவும் மந்தமாகிவிடும். தொட்டி சில்லென்ற தரையில் இருக்கிறது, இலைமேல் கண்ணாடி வழியே வெயில் அடிக்கிறது. இலை தண்ணீர் கேட்கும், வேரால் கொடுக்க முடியாது. செடி வாடி இலை உதிர்க்கிறது. பார்ப்பவர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார். குளிர்ந்த சேற்றில் வேர் மூச்சுத்திணறி அழுகும். தொட்டியின் அடியில் இரண்டு அங்குல தெர்மாகோல் பலகையோ மரச்சட்டமோ வைத்தாலே இதில் பாதி தீரும். இலை கண்ணாடியைத் தொடக்கூடாது, ஹீட்டருக்கு நேர்மேலேயும் வைக்கக்கூடாது.

தண்ணீருக்குக் கிழமை வைத்துக்கொள்ளாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அங்கும் உலர்ந்திருந்தால், அறைச்சூட்டில் இருக்கும் தண்ணீரை அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையைப் பழகிக்கொள்வது இதைவிடவும் நம்பகமானது. ஹீட்டர் ஓடும் வீட்டுக்காற்றில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். வெற்றிலைக்கும் மல்லிகைக்கும் 50க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. கூழாங்கல் தட்டு, கையால் தண்ணீர் தெளிப்பது இரண்டும் சில நிமிட ஆறுதல்தான். செடிகளை நெருக்கமாகச் சேர்த்து வைத்து, ஒரு சின்ன ஹியூமிடிஃபையர் ஓடவிடுவதே உருப்படியான வழி.

கிழங்குகள் இவ்வளவு படுத்தாது. கல்வாழையின் இலையை முதல் உறைபனி கருக்கும்வரை விடலாம். பிறகு தண்டை 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, கடப்பாரையால் சுற்றிலும் அகலமாகக் கிளறித் தூக்க வேண்டும். நெருக்கிக் குத்தினால் கிழங்கில் காயம்பட்டு, அழுகல் அங்கேயே தொடங்கும். மண்ணை உதிர்த்து, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, அட்டைப்பெட்டியில் லேசான ஈரமுள்ள கோகோபீட்டுக்குள் (தேங்காய் நார்த்தூள்) ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, 5 முதல் 10 டிகிரி உள்ள இருட்டான இடத்தில் வைக்கலாம். கோகோபீட்டைக் கையில் இறுக்கிப் பிடித்தால் ஒரு சொட்டுக்கூட வரக்கூடாது. சேம்பைத் தோண்டும்போது கையுறை போடுங்கள், சாறு பட்டால் அரிக்கும். இஞ்சியும் மஞ்சளும் அந்தக் குளிரைத் தாங்காது. அவற்றைத் தொட்டியிலேயே விட்டு, தண்ணீரை நிறுத்தி, 13 டிகிரிக்குக் குறையாத இடத்தில் வைத்துவிடலாம். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். சுருங்கியிருந்தால் இரண்டு தெளிப்புத் தண்ணீர், மெத்தென்று அழுகியிருந்தால் உடனே வெளியே.

ப்ளுமேரியாவுக்கு இலை கொட்டிய நாளிலிருந்து துளிர் வரும்வரை தண்ணீரே வேண்டாம். இருட்டு பரவாயில்லை, 10 டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால் சரி. குளிரும் ஈரமும் சேர்ந்தால் கிளைநுனி கருத்து மெத்தென்றாகும். உள்ளே சுத்தமான வெள்ளை தெரியும் இடம்வரை வெட்டிக்கொண்டே வாருங்கள், பழுப்பு கொஞ்சம் மிஞ்சினாலும் அழுகல் கீழே இறங்கும்.

வாழை தனி ரகம். உண்ணும் வாழையை நிலத்தில் விடவே முடியாது. குருத்தை மட்டும் விட்டு மற்ற இலைகளை வெட்டி, வேரோடு தோண்டி, ஓரிரு நாள் தலைகீழாகச் சாய்த்து வையுங்கள். தண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். மட்டைகளுக்கு இடையில் தேங்கியிருப்பது வடிந்தாக வேண்டும், இல்லையென்றால் தண்டு உள்ளேயிருந்து கூழாகும். பிறகு 8 முதல் 10 டிகிரி உள்ள பேஸ்மென்ட்டில் நிறுத்தி வைக்கலாம். மூசா பாஸ்ஜூ என்கிற ஜப்பானிய வாழைக்குப் பழம் உண்ணத்தக்கதல்ல, ஆனால் அதன் கிழங்கு மூடாக்குக்கு அடியில் கடுங்குளிரையும் தாங்கும். தண்டு அவ்வளவு தாங்காது, சில டிகிரி உறைகுளிரிலேயே போய்விடும். அதையும் காப்பாற்ற, தண்டை ஒரு மீட்டர் உயரத்தில் வெட்டி, சுற்றிலும் ஓரடி இடைவெளி விட்டுக் கம்பி வலைக்கூண்டு அமைத்து, உலர்ந்த வைக்கோலோ சருகோ திணிக்க வேண்டும். மேலே மட்டும் மழை இறங்காமல் ஒரு பலகை. பக்கவாட்டில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிடாதீர்கள். பகல் வெயிலில் உள்ளே வியர்த்து, இரவில் அந்த நீரே உறையும். நனைந்த வைக்கோல் குளிரைத் தடுக்காது, தண்டையும் அழுகவைக்கும்.

குளிர் விட்டதும் வெளியே எடுப்பதில் அவசரம் கூடாது. இரவு 12 டிகிரிக்கு மேல் நிலைக்கும்வரை பொறுங்கள். உள்ளே முளைத்த இலை மெல்லியது. ஒரே நாளில் முழு வெயிலில் வைத்தால் மாலைக்குள் வெளுத்த திட்டுகள் விழும், அந்த இலை திரும்பப் பச்சையாகாது. முதல் மூன்று நாள் முழு நிழல், பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், அதிலிருந்து நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போங்கள். உரம், புதுத்துளிர் இரண்டு மூன்று ஜோடி இலை விட்டபிறகு, பாதி அளவில்.