மூணாவது டப்பாவுலதான் மாட்டுச்சு

நிக்காத பேதிக்கு டெஸ்ட் குடுக்க காலைல 5 மணிக்கு எழுந்து மோஷன் டப்பாவ கவர்ல சுத்தி பைல வெச்சிக்கினு பேரணாம்பட்டுல இருந்து வேலூர் வரைக்கும் பஸ்ல நின்னுகினே வந்தா, லேப் கவுன்ட்டர்ல இருந்தவரு சீட்ட பாத்துட்டு "இதுல ஆசிட் ஃபாஸ்ட்னு எழுதலயேம்மா, ரொட்டீன் மட்டும்தான் பாப்போம், எழுதி வாங்கினு நாளைக்கு வா"ன்னுட்டாரு. அதோட வுட்டாரா, சீட்டுல இருந்த ஏஆர்டின்ற (எச்ஐவிக்கு போடற மாத்திரை) வார்த்தைய க்யூல நிக்கிறவங்க காதுல வுழற மாதிரி சத்தமா படிச்சாரு. நம்ம அனுமதி இல்லாம அத வெளிய சொல்லக்கூடாதுன்னு 2017 எச்ஐவி சட்டத்துலயே இருக்கு, ஆனா அன்னிக்கு எனக்கு வாயே வரல.

நடுவுல கொஞ்ச மாசம் ஏஆர்டி மாத்திரைய வுட்டது என் தப்புதான். சிடி4, அதான் ரத்தத்துல நோய எதிர்க்கற செல்லோட கணக்கு, 140க்கு எறங்கிடுச்சி. அப்ப ஆரம்பிச்ச பேதி, தண்ணி தண்ணியா, ரெண்டு மாசம் நிக்கவே இல்ல. ஊர்ல இருக்கற கிளினிக்ல மெட்ரோனிடசோல், அப்புறம் பூச்சி மாத்திரை ஆல்பென்டசோல், ஒண்ணும் கேக்கல. ரொட்டீன் ரிப்போர்ட்ல எப்பவும் "பூச்சி முட்டை இல்ல"ன்னே வரும். ஏன்னா சிஸ்டோஐசோஸ்போரான்னு குடல்ல வளர்ற ஒட்டுண்ணி ஒண்ணு இருக்கு, டிபி சளிக்கு போடற ஆசிட் ஃபாஸ்ட் கலர கொஞ்சம் மாத்தி போட்டு பாத்தாதான் நல்லா தெரியும், அதுவும் தினமும் வெளிய வராது. அதனால ஒரு டப்பாவோட நிறுத்தாதீங்க, மூணு நாள் குடுங்க, சீட்டுல ஆசிட் ஃபாஸ்ட்னு எழுதிருக்கான்னு டாக்டர்கிட்ட இருக்கும்போதே படிச்சி பாத்துட்டு கெளம்புங்க.

மூணாவது டப்பாவுல மாட்டுச்சு. உள்ள இருந்த பொண்ணு "வாங்கக்கா, நீங்களே பாருங்க"ன்னு மைக்ராஸ்கோப்ப காட்டுச்சு, நீலத்துக்கு நடுவுல செவப்பா நீட்டு முட்டை. இதுக்காடா நான் ஒம்போது கிலோ எளச்சேன்னு இருந்துச்சு.

செப்ட்ரான் டபுள் ஸ்ட்ரெங்த்னு சல்ஃபா கலந்த மாத்திரை 10 நாள் போட்டேன், ஒரே வாரத்துல நின்னுடுச்சு (சல்ஃபா ஒத்துக்காதவங்க முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க). அதுக்கப்புறமும் வாரம் மூணு நாள் போடணும்னாங்க, சரியாயிடுச்சேன்னு நானா நிறுத்திட்டேன். அஞ்சாவது வாரம் மறுபடி அதே பேதி, மறுபடி அதே கவுன்ட்டரு, அதே ஆளு. இந்த தடவ சீட்ட நீட்டறதுக்கு முன்னாடியே "மெதுவா படிங்கண்ணா"ன்னேன். தலைய குனிஞ்சிக்கினு சீல் குத்தினாரு.

இப்ப திங்கள், புதன், வெள்ளி தவறாம போடறேன், சிடி4 200 தாண்டி ஆறு மாசம் நிக்கற வரைக்கும் நிறுத்தாதன்னு சொல்லிருக்காங்க. ஷூ கம்பெனில சூப்பர்வைசரு மட்டும் நான் பாத்ரூம் பக்கம் போனா இன்னும் வாட்ச்ச பாக்கறாரு.