விலை இறங்கியது, வாடகை இறங்கவில்லை

2023 மார்ச் வாக்கில் ஒரு நாள் காலையிலேயே சித்தப்பா போன் செய்தார். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை, என் பேச்சைக் கேட்டுத்தான், அலுவலகக் கட்டடங்கள் வைத்திருக்கும் ஒரு ரீட்டில் போட்டிருந்தார். ரீட் (REIT) என்றால், பலர் பணத்தில் கட்டடங்களை வைத்து, வருகிற வாடகையை அவர்களுக்கே பிரித்துக் கொடுக்கும் அமைப்பு; பங்குபோலச் சந்தையில் வாங்கலாம், விற்கலாம். வாங்கிய விலையில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது.

"ஏம்ப்பா, வாடகைதானே, வாடகைக்கு என்ன ஆகப்போகுதுன்னு சொன்னே. இப்ப இப்படி இறங்கிக் கிடக்கே?"

"பாஸ்புக்க எடுங்க சித்தப்பா. ரீட்லேருந்து வந்த வரவ மட்டும் படிங்க" என்றேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு காலாண்டு வரவையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். கூட்டிப் பார்த்தால் முந்தின வருடம் வந்த அதே பணம், நூறு இருநூறு முன்னே பின்னே. கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப ஏன் விலை இறங்குச்சு?" என்றார். அந்தக் கேள்விக்கு அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் வைத்திருந்தது எது என்பது இருக்கட்டும், எல்லோரும் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் முதல் ரீட்டான எம்பசி 2019 ஏப்ரலில் ஒரு யூனிட் (அதன் ஒரு பங்கு) 300 ரூபாய் விலையில் சந்தையில் பட்டியலானது. 2021-22இல் யூனிட்டுக்கு 21.76 ரூபாய் கொடுத்தது, அடுத்த இரண்டு வருடமும் 21 ரூபாய்க்கு மேலேதான் கொடுத்தது. ஆனால் 2023இல் யூனிட் விலை சுற்றிச் சுற்றி அந்தப் பழைய 300ஐ ஒட்டியே நின்றது. நடுவில் நடந்தது வட்டி: ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வட்டியான ரெப்போ 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்து 2023 பிப்ரவரியில் 6.5க்குப் போய்விட்டது, வங்கி டெபாசிட்டில் மூத்த குடிமக்களுக்கு ஏழரை வரை கொடுத்தார்கள். பக்கத்தில் ஏழரை கிடைக்கும்போது யார் 400 கொடுத்து 21 ரூபாய் வாங்குவார்கள்? அது ஐந்தேகால் சதவீதம்தான். 300க்கு வாங்கினால் ஏழுக்கு மேல் வருகிறது, ஆக விலை அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. கட்டடத்தில் ஒரு செங்கல் கூட நகரவில்லை.

நான் செய்த தப்பும் இங்கேதான். சித்தப்பாவுக்குச் சொல்வதற்கு முன்னால் நிறுவனத்தை நன்றாகத்தான் பார்த்தேன். யார் யார் குடியிருக்கிறார்கள், கட்டடங்கள் எந்த ஊரில், ஒப்பந்தம் எத்தனை வருடம், எல்லாம் பார்த்தேன். வட்டி 4 சதவீதத்தில் கிடக்கிறது, இனி அது ஏறத்தான் முடியும், அந்த மலிவு வட்டியை நம்பித்தான் இன்றைய யூனிட் விலை நிற்கிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை. நல்ல கட்டடம்தான், கொடுத்த விலைதான் அதிகம். அறுபது வயதுக்காரரின் பணத்தில் அந்தப் பாடம் படித்தது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

அதற்காக வட்டியை மட்டும் பார்த்து வாங்கலாம் என்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அதே எம்பசியில் ஒரு காலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் நிறைந்திருந்த கட்டடங்கள் 85 சதவீத அளவுக்கு இறங்கின, அதற்கும் ரெப்போவுக்கும் சம்பந்தமில்லை. கொரோனா ஒரு காரணம், ஏற்றுமதித் தொழிலுக்கென்று வரிச் சலுகையோடு ஒதுக்கப்பட்ட சிறப்புப் பொருளாதார மண்டலம் இன்னொன்று. அந்த மண்டலங்களில் புதிதாக வரும் நிறுவனங்களுக்கு வருமான வரிச் சலுகை 2020உடன் முடிந்துபோனது. சலுகை இல்லாத இடத்துக்குப் புதிதாக யாரும் வர மாட்டேன் என்றார்கள், மண்டலத்துக்கு வெளியே தொழில் செய்கிறவர்களுக்கு அந்தத் தளத்தைக் கொடுக்கவும் சட்டம் விடவில்லை. தளம் தளமாகப் பிரித்து மண்டலத்திலிருந்து விடுவிக்கலாம் என்று மத்திய அரசு விதியை மாற்றியது 2023 டிசம்பரில்தான். அதுவரை விளக்கெரியாமல் கிடந்த தளங்கள் எத்தனையோ. இதை நிறுவனத்தின் பலவீனம் என்பீர்களா, பொருளாதாரச் சூழல் என்பீர்களா? எனக்குக் கோடு போடத் தெரியவில்லை, ஆனால் வாங்குகிறவன் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இது.

இன்னொன்றும் அப்படித்தான். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இந்தக் கட்டடங்களை நிரப்புகிறவர்களில் பெரும் பங்கு அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களின் இந்திய மையங்கள். அங்கே ஆள் குறைத்தால் இங்கே ஒரு தளம் காலியாகும்; அங்கே செலவைக் குறைக்க வேலையை இங்கே அனுப்பினால் இரண்டு தளம் நிரம்பும். அதனால் நிறைவு விகிதத்தைப் பார்க்கும்போது, இப்போது எவ்வளவு என்பதைவிட, அடுத்த ஒரு வருடத்தில் எவ்வளவு இடத்தின் ஒப்பந்தம் முடிகிறது, அந்த இடத்தின் பழைய வாடகை இன்றைய சந்தை வாடகையைவிடக் குறைவா கூடவா என்பதைத்தான் முதலில் தேடுவேன். குறைவாக இருந்தால் குடித்தனக்காரர் காலி செய்தாலும் பயமில்லை, அடுத்தவர் கூடக் கொடுத்து வருவார். நம் ஊர் மாடி போர்ஷன் கணக்கேதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெளியே நடக்கிற பொருளாதாரம் ஒரு ரீட்டுக்குள்ளே நேராக நுழைகிற கதவு ஒன்று உண்டென்றால் அது கடன். சொத்து மதிப்பில் 49 சதவீதம் வரை கடன் வாங்க, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி அனுமதிக்கிறது. ஆயிரம் கோடி கடனை 7 சதவீதத்தில் வாங்கிய ஒரு ரீட், அது முதிர்கிற, அதாவது திருப்பிக் கட்ட வேண்டிய, வருடத்தில் எட்டரைக்குப் புதுப்பிக்க வேண்டி வந்தால் வருடத்துக்கு 15 கோடி கூடுதல் செலவு. யூனிட்காரர்களுக்குக் கொடுக்கிற மொத்தமே 150 கோடி என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு போச்சு, ஒரு குடித்தனக்காரர் கூடக் காலி செய்யாமலே. காலாண்டு அறிக்கையில் பளபளப்பான கட்டடப் படங்களைத் தாண்டிப் பின்னால் போனால் எந்த வருடம் எவ்வளவு கடன் முதிர்கிறது என்று ஒரு பட்டை வரைபடம் இருக்கும். நான் அந்தப் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிக்கிறேன்.

அந்தக் கதவு திறந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சிங்கப்பூரில் ஒரு உதாரணம் இருக்கிறது. மனுலைஃப் யுஎஸ் ரீட் 2016இல் அங்கே 83 அமெரிக்க சென்ட்டுக்குப் பட்டியலானது, சொத்துகள் எல்லாம் அமெரிக்க அலுவலகக் கட்டடங்கள். வீட்டிலிருந்தே வேலை என்றாகி அலுவலகத் தேவை சுருங்கியது, அதே நேரம் அமெரிக்காவில் வட்டியும் ஏறியது. இரண்டும் சேர்ந்து கட்டடங்களின் மதிப்பைக் கீழே தள்ளின. கடன் அப்படியே இருக்க மதிப்பு மட்டும் சரிந்தால் கடன் விகிதம் தானாக ஏறும். 2023இல் கடன் ஒப்பந்தத்தில் இருந்த வரம்பு மீறப்பட்டது, யூனிட்காரர்களுக்குக் கொடுக்கிற பங்கீடு நின்றது, யூனிட் விலை 10 சென்ட்டுக்கும் கீழே போனது. விலை மட்டும் இறங்கினால் பொறுத்திருக்கலாம், சித்தப்பா பொறுத்திருந்த மாதிரி. பங்கீடே நின்றுபோனால் எதை வைத்துப் பொறுப்பது?

மால் ரீட் கதை கொஞ்சம் வேறு. நெக்சஸ் 2023 மே மாதம் 100 ரூபாய்க்கு வந்தது, வடபழனி விஜயா மாலும் அதில் சேர்த்தி. மால்களில் கடைக்காரர்கள் குறைந்தபட்ச வாடகையோடு விற்பனையில் ஒரு பங்கும் கொடுப்பது வழக்கம் என்பதால் மக்கள் கையில் பணம் புழங்குகிறதா என்பது நேராகவே தெரியும். நான் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விஜயா மாலுக்குப் போய், ஒவ்வொரு தளமாக நடந்து, பலகை அடித்து மூடியிருக்கும் கடைகளை எண்ணினேன். ஒரு கை விரல் போதுமாக இருந்தது. உணவுத் தளத்தில் உட்கார இடமில்லை. சனிக்கிழமை போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சனிக்கிழமை எல்லா மாலும் நன்றாகத்தான் இருக்கும்.

இப்போது காற்று திசை மாறிவிட்டது. 2025 பிப்ரவரியிலிருந்து வட்டியைக் குறைத்துக் குறைத்து டிசம்பரில் ரெப்போ 5.25க்கு வந்தது, எம்பசி விலை அந்த வருடமே 400ஐத் தாண்டியது. 2024-25இல் கொடுத்தது யூனிட்டுக்கு 23 ரூபாய், அதாவது 400க்கு வாங்கினால் ஐந்தே முக்கால். வாடகை வளரும், டெபாசிட் வளராது என்று வாதம் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் 21.76 மூன்று வருடத்தில் 23 ஆன வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021இல் நான் கேட்காமல் விட்ட கேள்வியை இந்த முறை கேட்கிறேன்: வட்டி திரும்பவும் ஒன்றரை சதவீதம் ஏறினால் இந்த விலைக்கு வாங்கியதை நிம்மதியாக வைத்திருக்க முடியுமா?

போன மாதம் சித்தப்பா இன்னும் கொஞ்சம் வாங்கட்டுமா என்று கேட்டார். "அறிக்கையில கடன் முதிர்ற பக்கத்த மட்டும் பாத்துட்டு சொல்லுங்க" என்றேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பிரிண்ட் எடுத்து, 2027க்கு நேரே உயரமாக நின்ற பட்டையைச் சிவப்பு மையில் சுழித்து, கீழே "இதை எந்த வட்டிக்கு மாத்துவாங்க?" என்று எழுதியிருந்தார். எனக்குத் தெரியாது என்று பதில் போட்டேன். பழைய யூனிட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு, புதுப் பணத்தை ஒரு வருட டெபாசிட்டில் போட்டுவிட்டார்.