கொரகொரக்கும் கண்டென்சர் மைக்: கேப்சூலை மாற்றுவதற்கு முன்

பெரிய டயஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் மெல்லிய படலம்) கொண்ட கண்டென்சர் மைக் திடீரென்று பொரியத் தொடங்கினால், பலரும் உடனே தேடுவது புதுக் கேப்சூலைத்தான், அதாவது டயஃப்ரம் அடங்கிய, ஒலியைப் பிடிக்கும் தலையை. மைக்கில் விலை கூடிய பாகமே அதுதான். ஆனால் பல நேரங்களில் கேப்சூல் நன்றாகவே இருக்கும், அதைச் சுற்றியுள்ள அழுக்கும் ஈரமும்தான் சத்தம் போடும்.

திருப்புளியை எடுப்பதற்கு முன் கேபிளையும் ப்ரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெருக்கும் கருவி) சேனலையும் மாற்றிப் பாருங்கள். அடுத்தது பேன்டம் பவர், ப்ரீஆம்பிலிருந்து கேபிள் வழியே மைக்குக்கு வரும் 48 வோல்ட். கேபிளின் மைக் முனையில் 1-2, 1-3 பின்களுக்கு இடையே டிசி வோல்ட் அளந்தால் இரண்டிலும் 44 முதல் 52 வரை வர வேண்டும். இது மட்டும் போதாது. சுமை இல்லாதபோது 48 காட்டும் சப்ளை, மைக் மின்சாரம் இழுக்கும்போது சரியலாம். மல்டிமீட்டரை மில்லிஆம்ப் அளவுக்கு மாற்றி, 1-ம் பின்னுக்கும் 2-ம் பின்னுக்கும் இடையே ஒரு கணம் வையுங்கள். பிறகு 1-க்கும் 3-க்கும். ப்ரீஆம்பில் ஒவ்வொரு பக்கமும் 6.81 கிலோஓம் ரெசிஸ்டர் இருப்பதால் சுமார் 7 மில்லிஆம்ப் வரும். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் பழுது மைக்கில் இல்லை.

இனி சத்தத்தைக் கவனியுங்கள். மைக் உடலைத் தொட்டதும் ஹம் மாறினால், வலைக்கூண்டோ உடலோ கிரவுண்டில் சரியாகப் படவில்லை: பெயின்ட், துரு, தளர்ந்த திருகு. சத்தம் மெலிந்து அளவும் குறைந்திருந்தால் கேப்சூலுக்குப் போய் அதை மின்னேற்றி வைக்கும் போலரைசேஷன் வோல்டேஜைச் சந்தேகியுங்கள். பேட் சுவிட்சை (சிக்னலைக் குறைக்கும் சுவிட்ச்) நகர்த்தும்போது மட்டும் கரகரத்தால் சுவிட்ச்தான். ஈரப்பதமான நாளில் வரும், அல்லது நெருங்கிப் பேசிய சற்று நேரத்தில் தொடங்கும் பொரிசத்தம் என்றால் அது மின்கசிவு. உறுதிப்படுத்த எளிய வழி உண்டு: காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு நாள் மூடி வையுங்கள். சத்தம் நின்றால் பாகம் வாங்க வேண்டாம், சுத்தம் செய்தால் போதும்.

இவ்வளவு சின்ன ஈரம் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? கேப்சூல் என்பது சில பத்து பிக்கோஃபேரட் கொண்ட ஒரு கபாசிட்டர். 60 பிக்கோஃபேரட் கேப்சூல், அந்த வோல்டேஜைக் கொண்டுவரும் 1 கிகாஓம் ரெசிஸ்டரோடு சேர்ந்தால் 3 ஹெர்ட்ஸுக்கும் கீழேதான் பேஸ் (தாழ்தொனி) வெட்டப்படும். போர்டில் படிந்த ஃப்ளக்ஸும் (சாலிடர் வைத்தபோது மிஞ்சிய பிசின்) விரல்ரேகையும் ஈரத்தை உறிஞ்சி அந்த எதிர்ப்பை 50 மெகாஓமுக்கு இறக்கிவிட்டால், வெட்டுப்புள்ளி 53 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். கசியும் மின்னோட்டம் சீராகவும் இருக்காது, விட்டுவிட்டுப் பாயும். காதில் விழும் பொரிசத்தம் அதுதான். நல்ல மைக்குகளில் ஜேஃபெட்டின் (கேப்சூல் சிக்னலை முதலில் வாங்கும் டிரான்சிஸ்டர்) கேட் என்ற உள்ளீட்டுக் கால் போர்டைத் தொடாமல் காற்றிலோ டெஃப்லான் தூணிலோ நிற்பதும் இதற்காகவே. அந்த இணைப்பை வெறும் விரலால் தொடவே கூடாது.

சுத்தம் செய்யும் முறை: பேன்டமை அணைத்து, கேபிளைக் கழற்றி, சில நிமிடம் பொறுங்கள். கூண்டை எடுத்ததும் கேப்சூலை ஒரு சிறு பாலித்தீன் பையால் மூடுங்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்தான் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர். மென்மையான பிரஷ்ஷால் ஜேஃபெட்டின் கேட் பக்கம், கிகாஓம் ரெசிஸ்டரின் உடலும் கால்களும், எந்தத் திசை ஒலியை எடுப்பது என்று மாற்றும் பேட்டர்ன் சுவிட்சின் தகடுகள், கேப்சூலைத் தாங்கும் பிளாஸ்டிக் தூண் ஆகியவற்றைத் தேய்த்து, நூல் உதிராத துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு புது ஆல்கஹாலில் இரண்டாம் முறை. முதல் முறையோடு நிறுத்தினால் அழுக்கு பரவியிருக்குமே தவிரப் போயிருக்காது. பல மணி நேரம் உலரட்டும். எண்ணெய்ப் படலம் விடும் கான்டாக்ட் கிளீனரை உள்ளே அடிக்காதீர்கள். அசிட்டோன் கிட்டவே வரக்கூடாது, பாலிஸ்டைரீன் கபாசிட்டர் இருந்தால் கரைந்தே போகும்.

டயஃப்ரத்தைத் துடைக்கலாமா? சில மைக்ரான் தடிமனுள்ள படலம், அதன்மேல் தங்கப்பூச்சு. எப்படியும் மாற்றப்போகும் கேப்சூல் என்றால் முயன்று பாருங்கள். இல்லையென்றால் கை வைக்காதீர்கள்.

போலரைசேஷன் வோல்டேஜை அளப்பதில் பலர் ஏமாறுவார்கள். சாதாரண மல்டிமீட்டரின் உள் எதிர்ப்பு 10 மெகாஓம். கேப்சூல் முனையில் வைத்தால், 1 கிகாஓமுக்குப் பின்னால் இருக்கும் 60 வோல்ட் வெறும் 0.6 வோல்ட்டாகத் தெரியும். அந்த வோல்டேஜை உண்டாக்கும் கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று முடிவுகட்டி நல்ல சர்க்யூட்டைப் பிய்த்துப் போடுவார்கள். கிகாஓமுக்கு முன்னால் உள்ள ஃபில்டர் கபாசிட்டரில் அளக்க வேண்டும். அங்கேயும் குறைந்திருந்தால் அந்தக் கபாசிட்டரையும் கன்வெர்ட்டரையும் பாருங்கள். எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டரை மாற்றினால் அதே மதிப்பு, பழையதற்குக் குறையாத வோல்ட், துருவம் மாறாமல்.

கேப்சூலே பழுதா என்று தீர்க்க ஒரு சோதனை போதும். அதன் கம்பியைப் பிரித்துவிட்டு, அதே இடத்தில் 68 பிக்கோஃபேரட் பாலிஸ்டைரீன் கபாசிட்டரைப் பற்றவையுங்கள். கூண்டை மாட்டிக் கேளுங்கள், திறந்து வைத்தால் ஹம்தான் கேட்கும். அமைதியாக இருந்தால் குற்றவாளி கேப்சூல். இன்னும் பொரிந்தால் சர்க்யூட்.

மாற்றுக் கேப்சூலில் விட்டம் மட்டும் பொருந்தினால் போதாது. கே67 வகைக் கேப்சூலில் உச்சத்தொனி இயல்பாகவே தூக்கலாக இருக்கும், அதை மட்டுப்படுத்தும் சர்க்யூட்டோடுதான் அது சேரும். உச்சத்தொனியைக் குறைக்காத சமதளமான சர்க்யூட்டில் போட்டால் ‘ஸ’ எல்லாம் காதைக் குத்தும். அங்கே கே47 வகை பொருத்தம். பேக்பிளேட் (டயஃப்ரத்துக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் தகடு) ஒன்றா, பிரிந்த இரண்டா என்பதையும் பழையதோடு ஒப்பிடுங்கள். முன்பின் கம்பிகள் மாறிவிட்டால் கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் எடுக்கும் அமைப்பு) பின்பக்கம் திரும்பிவிடும். மைக்கின் முதுகில் பேசிப் பார்த்தால் தெரிந்துவிடும். கம்பி பற்றவைத்தே வரும் கேப்சூல் நல்லது, இளகிய ஃப்ளக்ஸ் டயஃப்ரத்தில் தெறிக்கும் வாய்ப்பு அதில் இல்லை.

காயில் அசைந்து ஒலியை எடுக்கும் டைனமிக் மைக்குக்கு இத்தனை பாடு கிடையாது. 2-3 பின்களுக்கு இடையே ஓம் அளங்கள். பல மாடல்களில் நூற்றுக்கணக்கில் காட்டும், மெல்லிய கிளிக்கும் கேட்கும். மீட்டர் முடிவிலி காட்டினால் உள்கம்பி, சாலிடர் இணைப்பு, டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அது, பிறகு காயில் என்று பாருங்கள். காயில் என்றால் அது அடங்கிய கார்ட்ரிட்ஜை மாற்றுவதுதான் வழி. ஷ்யூர் எஸ்எம்58 மைக்குக்கு ஆர்59 கார்ட்ரிட்ஜ். ரிப்பன் மைக்கில் (காயிலுக்குப் பதில் மெல்லிய உலோகப் பட்டை அதிர்வது) மட்டும் ஓம்மீட்டரை வைக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் பத்து நிமிடம் நெருங்கிப் பேசுங்கள். உடனே கெய்னை ஏற்றி, அமைதியைப் பதிவுசெய்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். கடைசியாக, சரியாக வேலை செய்யும் இன்னொரு மைக்கை ஒட்டி வைத்து இரண்டையும் மோனோவில் சேருங்கள். பேஸ் காணாமல் போனால் 2-ம் 3-ம் பின்களின் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன.