சமூகத் தணிக்கையாளர் பதிவு வாங்கிய அனுபவம்

திருச்சியில் பதினான்கு வருடமாக ஆடிட்டர் வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அறக்கட்டளைக்காரர்கள். செப்டம்பர் வந்துவிட்டால் 10பி, 10பிபி என்ற வருமான வரித் தணிக்கைப் படிவங்கள் என்று அலுவலகம் முழுக்க வவுச்சர் கட்டுகள்தான். வருமானத்தில் 85 சதவீதம் அறப்பணிக்குப் போனதா, வெளிநாட்டு நன்கொடை என்றால் நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள் நிற்கிறதா, இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

கிராமப் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுக்கும் ஒரு டிரஸ்ட்டின் செயலாளர் ஒரு நாள் கேட்டார்: “சோஷியல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்னு சொல்றாங்களே மேடம், நாம அதுல சேரலாமா?” பதில் தெரியாமல் விழித்தேன். அன்று ராத்திரி உட்கார்ந்து, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிகளைப் படித்தேன். தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்டப் பங்குச்சந்தையில் ஒரு தனிப் பிரிவு அது. 2019 பட்ஜெட்டில் அறிவித்தது, 2022 ஜூலையில் விதியாகியிருந்தது. டிரஸ்ட் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், போன வருடம் குறைந்தது 50 லட்சம் செலவழித்திருக்க வேண்டும், 10 லட்சமாவது நிதி வந்திருக்க வேண்டும். அங்கே திரட்டும் பணத்துக்கு வட்டியும் கிடையாது, அசலும் திரும்பாது. டிரஸ்ட் வெளியிடும் பத்திரத்தை வாங்குபவர் கொடுப்பது நன்கொடைதான். பெங்களூரின் உன்னதி அறக்கட்டளை 2023 டிசம்பரில் முதல் ஆளாகப் பட்டியலில் ஏறியது.

பணம் திரும்பாது என்பதால், அந்தப் பணத்தால் யாருக்கு என்ன நன்மை நடந்தது என்று வருடாவருடம் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையைச் சரிபார்ப்பவர்தான் சமூகத் தணிக்கையாளர். அதற்குத் தனித் தகுதி வேண்டும். சிஏ பட்டம் மட்டும் போதாது. செபியின் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் 23-ஆம் வரிசைத் தேர்வில் தேறி, அப்புறம் இந்தத் தணிக்கையாளர்களைப் பதிவு செய்து மேற்பார்க்கும் ஒரு சுய ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். சரி, எழுதிவிடுவோம் என்று முடிவு செய்தேன். (நூறு நாள் வேலைக்குக் கிராமசபையில் நடக்கும் சமூகத் தணிக்கை வேறு. என்னிடம் நிறையப் பேர் இதைக் குழப்பிக்கொண்டு கேட்டார்கள்.)

பாடப் புத்தகத்தில் சட்டப் பகுதி எனக்குச் சுலபம். திணறியது மதிப்பீட்டுப் பகுதியில். உள்ளீடு, செயல்பாடு, வெளியீடு, விளைவு, தாக்கம் என்று ஐந்து படி. பயிற்சி முடித்த பெண்களின் எண்ணிக்கை வெளியீடு. அவர்கள் கைக்கு வருமானம் வந்தால் அது விளைவு. நான் இத்தனை வருடம் மூன்றாவது படியோடு நின்றிருக்கிறேன். மாதிரிக் கேள்விகளில் பாதி தப்பாகப் போனது.

புத்தகத்தை மூடிவிட்டு அந்தச் செயலாளரிடமே கேட்டேன், “உங்கள் பயனாளிகளை நேரில் பார்க்க வரலாமா?” முசிறிப் பக்கம் ஒரு ஊருக்குக் கூட்டிப்போனார். முதல் வீட்டில், டிரஸ்ட் வாங்கிக்கொடுத்த தையல் மிஷின் மேல் பழைய சேலை போர்த்தி, அதன் மேல் இரண்டு எவர்சில்வர் குடம். சேலையை விலக்கினால் ஊசி துருப்பிடித்திருந்தது. அந்தப் பெண் சங்கடப்படாமல் சொன்னார்: “தைக்கத் தெரியும் மேடம். இங்க யாரு துணி எடுத்துத் தைக்கக் குடுக்கறா? எல்லாரும் ரெடிமேட் நைட்டிதான்.” நான்கு வீடு தள்ளி இன்னொரு பெண். பேருந்து நிறுத்தத்துப் பக்கம் திண்ணையில் மிஷினைப் போட்டு பிளவுஸ் தைக்கிறார். பெரியவளைப் பாலிடெக்னிக்கில் சேர்த்த ரசீதைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பேரேட்டில் அந்த இரண்டு மிஷினுக்கும் ஒரே தொகை, ஒரே வரி. இரண்டுக்கும் பில் சரியாக இருந்தது, நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பாடம் தானாக ஏறியது. தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: உங்களுக்குத் தெரிந்த ஒரு டிரஸ்ட்டின் பயனாளிகள் பத்துப் பேரைப் பார்த்துவிட்டு அந்த அத்தியாயத்தைத் திறங்கள்.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது பெயர் விஷயம். நம் ஊரில் எல்லோருக்கும் இனிஷியல்தான். பான் அட்டையில் இனிஷியல் எடுபடாது, அதனால் அப்பாவின் பெயர் முழுசாக நீண்டு கடைசிப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. சிஏ உறுப்பினர் பதிவில் அப்பாவின் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு திருத்திய ஆதாரில் வீட்டுக்காரரின் இனிஷியல். மூன்றிலும் நான்தான், ஆனால் மூன்று பெயர். தேர்வுக்குப் பதிவு செய்தபோது பழக்கதோஷத்தில் இனிஷியலோடு போட்டுவிட்டேன். தேர்வு மையத்தில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பானில் ஒரு பெயர், பதிவில் ஒரு பெயர், உள்ளே விட முடியாது என்றார்கள். எவ்வளவு சொல்லியும் நடக்கவில்லை. கட்டிய பணம் போனது. அந்த மாதம் படித்ததெல்லாம் அப்படியே கிடக்க, வெயிலில் பேருந்து ஏறித் திரும்பினேன். விதிப்படி அவர்கள் செய்தது சரிதான், ஆனாலும் வலித்தது. பெயரைத் திருத்தி, திரும்பப் பணம் கட்டி, அடுத்த முறை எழுதித் தேறினேன்.

பதிவு செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. சிஏ, கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுண்டன்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஆளுக்கொரு சுய ஒழுங்குமுறை அமைப்பு வைத்திருக்கின்றன. நான் எங்கள் நிறுவனத்தின் அமைப்பில் சேர்ந்தேன். இந்த முறை பெயர் வித்தியாசத்துக்கு முன்கூட்டியே உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டேன். பதிவு வாங்கியதோடு முடியாது, என்ஐஎஸ்எம் சான்றிதழ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது எங்களுக்குப் பெயரும் மாறிவிட்டது. ‘தணிக்கை’ என்ற சொல் தொண்டு நிறுவனங்களை மிரட்டுவதுபோல இருக்கிறது என்று ‘சமூகத் தாக்க மதிப்பீட்டாளர்’ என்று செபி மாற்றியது. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். நம்மைப் பார்த்ததும் அந்தப் பெண்கள் பயந்துவிட்டால் குடத்தை இறக்கிவிட்டு மிஷினைத் துடைத்து வைத்துவிடுவார்கள், நமக்கு எதுவும் தெரியாது.

அந்தத் தையல் டிரஸ்ட்டின் தாக்க அறிக்கையை நான் பார்க்க மாட்டேன் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவள் நான். இதை வேறொருவர் பார்ப்பதுதான் முறை. ஆனால் பயிற்சியில் சேரும்போதே ஒவ்வொரு பெண்ணின் மாத வருமானத்தையும் எழுதி வைக்க ஒரு பதிவேடு போட்டுக் கொடுத்தேன். தொடக்க நிலை தெரியாமல் பின்னால் எதை ஒப்பிடுவது? கூடவே, அந்த ஊரில் தைக்கக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று மிஷின் வாங்கும் முன் விசாரித்து எழுத ஒரு கட்டமும் வைத்தேன். போன மாதம் முதல் பக்கம் நிரம்பி வந்தது. பதினெட்டுப் பெயர்கள், அதில் பதினோரு பேருக்கு நேராக வருமானம் பூஜ்யம்.