குறுக்கே நின்ற சாப்பாட்டு வண்டி

இன்று காலை, சென்னையிலிருந்து டெல்லி போகும் விமானம். மூன்றாவது வரிசையில் நான்.

பணிப்பெண் ஒருவர் சாப்பாட்டு வண்டியை இழுத்து நடைவழிக்குக் குறுக்கே நிறுத்தி, பிரேக் போட்டார். இன்னொருவர் விமானி அறைக்குள் போனார். விமானி கழிவறைக்கு வந்தார்.

இரண்டே நிமிடம்தான். வண்டிக்குப் பின்னால் நின்றவரின் கண் எங்களை விட்டு நகரவே இல்லை.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகுதான் விமானி அறையின் கதவு குண்டு துளைக்காத கதவானது. வெளியே இருப்பவனுக்குப் பயந்து செய்த கதவு.

2015 மார்ச் 24, ஜெர்மன்விங்ஸ் விமானத்தில் ஆபத்து உள்ளேயே உட்கார்ந்திருந்தது. கேப்டன் வெளியே வந்ததும் துணை விமானி பூட்டிக்கொண்டார். கேப்டன் தட்டினார், கத்தினார், இடித்துப் பார்த்தார். கதவு அசையவில்லை. பிரான்ஸ் ஆல்ப்ஸ் மலையில் விமானம் மோதி 150 பேரும் போய்விட்டார்கள்.

உள்ளே இன்னொருவர் போய் நிற்பது அதற்காகத்தான்.

இனித் தயாராகும் பயணிகள் விமானங்களில் கதவுக்கு முன்னால் இரண்டாவது தடுப்பும் வேண்டும் என்று அமெரிக்கா விதி போட்டது 2023இல். 22 வருஷம் கழித்து! நாம் பறக்கிற விமானங்களுக்கும் அது வந்தே ஆக வேண்டும். அதுவரை ஒரு வண்டியும் ஒரு பெண்ணும்தான் காவல்.

இறங்கும்போது அவரிடம் நின்று நன்றி சொன்னேன். சாப்பாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார், சிரித்தார்.